ஆறாவது முகம்

ஆகஸ்ட் 3, வியாழன்

இன்றோடு மயூரா ஸ்டூடியோவுக்கும் எனக்கும் தீர்ந்தது. பதினோரு வருஷம். முதலாளி ரங்கராஜ் அண்ணனுக்கு எதையும் ஆள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஆவணி முகூர்த்தத்துக்குப் புது சாப்ட்வேர் வாங்கியாச்சு அம்மிணி. ஆயிரம் போட்டோவ அரை மணி நேரத்துல அதுவே சரி பண்ணிருது. நீ வேணும்னா முன்னால கவுண்டர்ல உக்காந்து ஆர்டர் எடு.”

“மொகத்த யாருங்கண்ணா பாப்பாங்க?”

“அதுவே பாத்துக்குது.”

அது பார்த்த ஒரு முகத்தைத் திரையில் காட்டினார். கல்யாணப் பெண்ணின் மூக்குத்தியைப் பரு என்று நினைத்துத் துடைத்து எடுத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. கவுண்டரில் உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மேசையில் இருந்த மவுஸை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். அது நான் வாங்கியது.

ரசம் வைத்தேன். உப்பு ஏறிவிட்டது.

ஆகஸ்ட் 5, சனி

உடுமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பெனாசிர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பாஸ்போர்ட் போட்டோவும் எடுப்பாள், ஆன்லைனில் விண்ணப்பமும் போட்டுத் தருவாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். ஆனால் எனக்கு அறிவுரை சொல்வதில் அவளுக்கு ஒரு திருப்தி. போன மாதம் அவள்தான் பெங்களூரில் நகைக் கடைகளுக்கு கேட்லாக் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு என் பேரைப் போட்டிருந்தாள். வீட்டில் இருந்தபடியே போட்டோ திருத்திக் கொடுக்கிற வேலை. இன்று பதில் வந்திருக்கிறது. ஸ்டூடியோக் கடிதம் எதுவும் வேண்டாமாம். என் வேலையை இணையத்தில் ஒரு பக்கமாக வைத்து, அதன் முகவரியை அனுப்ப வேண்டும். பத்துப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் திருத்துவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. இருபத்தைந்தாம் தேதிக்குள்.

“பத்துதானக்கா? நீங்க பத்தாயிரம் பண்ணிருப்பீங்க.”

“பண்ணிருக்கேன். காட்டறதுக்கு ஒண்ணுகூட இல்ல.”

அவளுக்குப் புரியவில்லை. என் தொழிலில் வேலை சுத்தமாக இருந்தால், வேலை நடந்ததே தெரியாது. நடந்தது என்று காட்ட வேண்டுமானால் பழைய முகத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும். பழைய முகத்தைக் காட்ட எந்தப் பெண் சம்மதிப்பாள்?

ஆகஸ்ட் 8, செவ்வாய்

ஏழு பேருக்குப் போன் செய்தேன். எல்லோரும் நான் முகம் திருத்திய கல்யாணப் பெண்கள். ஏழு பேரும் அன்பாகப் பேசினார்கள், ஏழு பேரும் முடியாது என்றார்கள்.

“என்ற மாமியாருக்கே அந்த மொகம் இன்னும் சரியாத் தெரியாதுங்கக்கா, நீங்க வேற!” என்றாள் ஒருத்தி. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது.

சரி. புதிதாக நானே எடுத்துக்கொள்கிறேன். கேமரா பெனாசிருடையது. முகமும் முதலில் அவளுடையதுதான், அவள் அம்மாவின் ஜிமிக்கியோடு. பக்கத்தில் வாழைப்பழம் விற்கும் ருக்குமணியக்கா, “என்னய எடு, எனக்கென்ன வெக்கம்?” என்று மூக்குத்தியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

இணையப் பக்கத்தின் தலைப்பில் ஒரு வரி எழுத பெனாசிரிடம் சொன்னேன்: ‘தோலின் நிறத்தை வெளுத்துத் தரமாட்டேன்.’ பதினோரு வருஷமாக வெளுத்துக் கொடுத்தவள் நான். எத்தனை கறுப்புப் பெண்களை ரோஸ் நிறமாக்கி அனுப்பியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

“அக்கா, வர்ற கஸ்டமரும் ஓடிருவாங்க.”

“ஓடட்டும். எழுது.”

ஆகஸ்ட் 11, வெள்ளி

ஒன்பது படங்களுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. பத்தாவதுக்காகப் பழைய பென் டிரைவைத் தேடி எடுத்தேன். அதில் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. நான் செய்ததிலேயே கடினமான வேலை.

2019இல், ஒரு தோட்டத்துக் குடும்பம். அப்பா, அம்மா, மகன் பூபதி, அவன் மனைவி, கைக்குழந்தை, மகள். ரங்கராஜ் அண்ணன் அவர்கள் வீட்டுக்கே போய் எடுத்த படம். எடுத்த இரண்டாம் மாதம் பூபதி ஸ்டூடியோவுக்கு வந்தான்.

“இத எடுத்துருங்க.”

“எதைங்க?”

“இவள.”

தங்கை யாரையோ கட்டிக்கொண்டு போய்விட்டாளாம். வேறு ஆளுங்க, என்றான். அதற்குமேல் சொல்லவில்லை. நான் எடுத்துவிட்டேன். அவள் நின்ற இடத்தில் சுவர் வேண்டும், அம்மாவின் பட்டுச் சேலை மடிப்பு வேண்டும், பூபதியின் சட்டைக் கை வேண்டும். அம்மா அவளைத் தொட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கைக்கு வேறு கை வேண்டியிருந்தது. கிடைத்தது. முடியும்வரை பூபதி என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றான். அசல் படத்தையும் தன் எதிரிலேயே அழிக்கச் சொன்னான். அழித்த பிறகு, குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொன்னான்.

முடிந்த படத்தில் ஒரு பிரதி மட்டும் நான் வைத்துக்கொண்டேன். வேலை சுத்தமாக வந்திருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

அதே மாதம் என் தம்பி கல்யாண ஆல்பத்தையும் நான்தான் செய்தேன். புருஷனை விட்டுவிட்டு வந்தவள் மேடைப் பக்கம் வரவேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்ததால், நான் எந்தப் படத்திலும் இல்லை. ஆகவே நீக்குகிற வேலையும் அதில் இல்லை. சீக்கிரம் முடிந்தது.

ஆகஸ்ட் 12, சனி

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அந்தப் பெண் அடுத்த வருஷம் ஸ்டூடியோவுக்கு வந்தாள். பேர் மோகனப்பிரியா. அந்தக் குடும்பப் படத்தில் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டாள். தன்னிடம் வீட்டுப் படம் எதுவுமே இல்லை என்றாள். ரங்கராஜ் அண்ணன் உள்ளே எழுந்து போய்விட்டார். “ஹார்டு டிஸ்க் போயிருச்சுங்க” என்று நான் சொன்னேன். எப்போதாவது கிடைத்தால் கூப்பிடுங்கள் என்று ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தாள்.

சீட்டு இருக்கிறது. இன்று கூப்பிட்டேன். தாராபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். நான் யார் என்று சொன்னதும், “நேர்ல வாங்கக்கா” என்றாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

தாராபுரம் பஸ் வந்தது. கூட்டம். ஏறவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

இன்றும் கூட்டம்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

பெனாசிர் கடைக்கு லீவு. அவளே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னை ஏற்றிவிட்டு, பஸ் நகரும்வரை கீழே நின்றாள். இடம் நிறைய இருந்தது.

மோகனப்பிரியாவும் அவள் கணவன் இளங்கோவும் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறார்கள். அவன் எலக்ட்ரீஷியன், வேலைக்குப் போயிருந்தான். எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை. வாசமே ஆகமாட்டேன் என்கிறது என்றாள்.

லேப்டாப்பில் படத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பினேன். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவள் படத்தைப் பெரிதாக்கி, தான் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நான் நின்ன எடத்துல செவுத்துல ஒரு விரிசல் இருக்குமுங்க. அது வரைக்கும் வரஞ்சிருக்கீங்க.”

“ஆமா.”

“அம்மா என்ற மணிக்கட்டப் புடிச்சுட்டு இருந்துச்சு. இது அம்மா கையே இல்லீங்களே.”

“என் கை. என் கையவே போட்டோ எடுத்து வெச்சேன்.”

அவள் என் கையைப் பார்த்தாள். நான் டீ தம்ளரைக் கீழே வைத்தேன்.

“ஹார்டு டிஸ்க் போயிருச்சுன்னீங்க.”

“பொய்.”

“அன்னைக்கே தெரியுமுங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வரல.”

வந்த காரியத்தைச் சொன்னேன். இதை என் வேலைக்கு மாதிரியாக வைக்க வேண்டும், உன் சம்மதம் வேண்டும். சொல்லும்போதே கேட்கக் கேவலமாக இருந்தது. ஆனாலும் சொல்லி முடித்தேன்.

“முன்னாடி நான் இருந்த படம் எங்கீங்க?”

“அழிச்சாச்சு. உங்கண்ணன் நின்னு அழிக்க வெச்சாரு.”

“அப்புறம் முன், பின்னுன்னு எதைக் காட்டுவீங்க?”

பஸ்ஸில் வரும்போது நான் யோசிக்காத ஒன்றே ஒன்று அதுதான்.

“இதை முன்னுன்னு வைங்க,” என்றாள். “பின்னுங்கற எடத்துல என்னய வைங்க. பழைய என்னய இல்ல. இன்னைக்கு எப்படி இருக்கறனோ அப்படி.”

“உங்க வீட்டுல யாராச்சும் பாத்தா?”

“பாக்கட்டும். நாலு வருசமா ஒளிஞ்சுட்டு இருக்கறேன். ஒளியறதுக்கு நான் என்னத்தங்கக்கா திருடுனேன்?”

இரண்டு நிபந்தனை போட்டோம். அவள் இருக்கும் ஊர் எங்கும் வரக்கூடாது என்பது அவளுடையது. சம்மதம் சொல்லாத யார் முகமும் வரக்கூடாது என்பது என்னுடையது. அம்மாவின் தோளுக்கும் பூபதியின் சட்டைக் கைக்கும் நடுவில் உள்ள பகுதியை மட்டும் வெட்டி வைக்க வேண்டும்.

“கீழ பேரு போடட்டுமா?”

“முழுப் பேரும் போடுங்க.”

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பெனாசிரின் கேமராவோடு மறுபடி தாராபுரம். பழைய படத்தில் வெளிச்சம் இடது பக்கம் இருந்த ஜன்னலிலிருந்து விழுகிறது, சாயங்கால வெளிச்சம். அதே போல வேண்டும் என்று நான்கு மணி வரை காத்திருந்தோம். வலது கன்னத்தில் இருட்டு விழாமல் இருக்க இளங்கோ ஒரு தெர்மகோல் அட்டையைத் தூக்கிப் பிடித்தான். கை வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

“பட்டு கட்டிக்கறியா? அவங்கல்லாம் பட்டுல இருக்காங்க.”

“வேண்டாங்க. வேலைக்குப் போற சுடிதாருலயே எடுங்க.”

இரண்டு கன்னத்திலும் கருப்பாக மங்கு படர்ந்திருக்கிறது. பழக்கதோஷம், “இத எடுத்தரட்டுமா?” என்று கேட்டுவிட்டேன்.

“இருக்கட்டுங்கக்கா,” என்று சிரித்தாள். இளங்கோவும் சிரித்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன், மாலை ஐந்துக்கு முடிந்தது. ஓர் ஆளை எடுப்பதைவிட வைப்பது கடினம். அவள் நிழல் அம்மாவின் சேலையில் விழ வேண்டும். சேலையின் அரக்குச் சிவப்பு அவள் கழுத்தில் கொஞ்சம் ஏற வேண்டும். பக்கத்தில் நிற்பவர்களின் நிறம் நம்மேல் கொஞ்சம் ஒட்டும். அது இல்லாவிட்டால் வெட்டி ஒட்டியது போலத்தான் இருக்கும்.

கையை மட்டும் சரி செய்ய முடியவில்லை. அம்மா பிடித்திருந்த கை அசலோடு போய்விட்டது. என் கை அங்கேயே, அந்த அம்மாவின் மடியில் இருக்கிறது.

வருத்தமெல்லாம் இல்லை. நாள் முழுக்கத் திரையையே பார்த்ததில் கண் எரிந்து தண்ணீர் வருகிறது.

ஆகஸ்ட் 24, வியாழன்

பக்கம் ஏறிவிட்டது. பெங்களூருக்கு முகவரியும் போய்விட்டது. பத்தாவது படத்தின் கீழே நான் சொல்லச் சொல்ல பெனாசிர் அடித்தாள்:

‘2019இல் இந்த இடத்திலிருந்து மோகனப்பிரியாவை நீக்கியது நான். 2023இல் அவர் கேட்டுக்கொண்டபடி அவரைத் திரும்ப வைத்ததும் நான். மூலப் படம்: மயூரா ஸ்டூடியோ.’

“நீக்குனது நீங்கன்னு போடணுமாக்கா? திரும்ப வெச்சதை மட்டும் போட்டாப் போதாதா?”

“ரெண்டுமே என் வேலைதான்.”

ஆகஸ்ட் 26, சனி

ரங்கராஜ் அண்ணன் போனில். யாரோ அந்தப் பக்கத்தை உடுமலை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்களாம்.

“அந்தப் போட்டோவ எடுத்துரு அம்மிணி. பெரிய எடம். நம்ம ஸ்டூடியோ எடுத்த படம்.”

“நீங்க எடுத்ததுன்னு பேர் போட்டிருக்கேனுங்களே.”

“அதத்தான் மொதல்ல எடுங்கறேன்!”

பதினோரு வருஷம் அவர் என் பேரை எங்கேயும் போட்டதில்லை. அவர் பேரைப் போட்டதற்கு இப்படிக் கத்துகிறார். பேரை மட்டும் எடுத்துவிட்டேன். படத்தை எடுக்கவில்லை.

சாயங்காலம் மாவு அரைத்தேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

பூபதி பெனாசிர் கடைக்கே வந்துவிட்டான். இப்போது பகலெல்லாம் நான் அங்கேதான். காலை பதினோரு மணி, ஆதார் திருத்தத்துக்காக ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். நான் உள் மேசையில் இருந்தேன்.

“யாரக் கேட்டு எங்க குடும்பத்துப் போட்டோவப் போட்ட?”

“உங்க குடும்பத்துல யார் மொகம் அதுல இருக்குதுங்க?”

தன் போனை எடுத்துப் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான். “இது என்ற கை. என்ற வாட்ச்.”

“நான் அப்படி எழுதல. இப்ப நீங்க சொல்லித்தான் இவங்களுக்குத் தெரியுது.”

வரிசையில் நின்றவர்கள் அவன் மணிக்கட்டைப் பார்த்தார்கள். அதே வாட்ச். கையைப் பையில் விட்டுக்கொண்டான்.

“அவ எங்க குடும்பமே கெடையாது.”

“அப்ப இது உங்க குடும்பத்துப் போட்டோவும் கெடையாது.”

அவன் மேசையில் ஓங்கித் தட்டியதில் ஸ்டாம்ப் பேட் கீழே விழுந்தது. பெனாசிர் எழுந்து, கூரையோரம் இருந்த கேமராவைக் காட்டினாள். “சத்தமும் பதிவாகுதுங்கண்ணா. மெதுவாவே பேசுங்க.”

“அவ எங்க இருக்கறா?”

“சொல்லமாட்டேன்.”

“மரியாதையா எடுத்துரு.”

“எடுக்கமாட்டேன். ஒருக்கா நீங்க சொல்லி எடுத்தேன். அது போதும். இனி அவளா எடுன்னு சொன்னாத்தான் எடுப்பேன். போலீஸுக்குப் போறதுன்னாப் போங்க, நானும் வர்றேன்.”

நின்றான். வரிசையில் ஒரு பெரியவர், “தம்பி, உங்க வேலை முடிஞ்சுதுன்னாக் கொஞ்சம் நகருங்க” என்றார். போய்விட்டான்.

உடனே மோகனப்பிரியாவைக் கூப்பிட்டேன். அவளும் இளங்கோவும் அங்கே போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தார்கள், நானும் பெனாசிரும் இங்கே கொடுத்தோம். படத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“பயந்துட்டீங்களாக்கா?”

“இல்ல.”

“அப்ப இருக்கட்டும்.”

அரை மணி நேரம் தேய்த்தும் தரையில் ஸ்டாம்ப் பேட் மை போகவில்லை.

ஆகஸ்ட் 30, புதன்

பெங்களூர்ப் பதில். பத்தாவது படத்தில் நகையே இல்லையே, அதை ஏன் வைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பட்டு மடிப்பில் இணைத்த இடத்தை அவர்கள் ஆட்கள் நான்கு பேர் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லையாம். தோலைத் தோலாகவே விட்டிருப்பது பிடித்திருக்கிறதாம். திங்கள்கிழமையிலிருந்து ஒரு மாதம் வேலை கொடுத்துப் பார்க்கிறார்கள்.

பெனாசிர் கத்திய கத்தலில் ருக்குமணியக்கா வாழைப்பழத்தோடு ஓடி வந்தாள்.

செப்டம்பர் 1, வெள்ளி

பன்னிரண்டு மணி வாக்கில் ஓர் அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்த பிறகும் போகவில்லை. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தோடு எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

“டெய்லர் கடைக்குன்னு சொல்லீட்டு வந்தேன்,” என்றார். “போன்ல என்னமோ போட்டிருக்குதுன்னு பையன் குதிக்கறான். எனக்குக் காட்ட மாட்டீங்கறான். எனக்குப் பாக்கவும் தெரியாது.”

பெரிய திரையில் திறந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. தன் தோளையோ சேலையையோ அவர் பார்க்கவில்லை. திரைக்குக் கிட்டே போய் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மோகனப்பிரியாவின் கன்னத்தில், திரையின் மேலேயே, விரலை வைத்தார்.

“இந்தக் கருப்பு, நீ போட்டதா கண்ணு?”

“இல்லீங்க. நான் எதும் போடல. அவ எடுக்கவும் விடல.”

“இவ என்ற வயித்துல இருந்தப்ப எனக்கு இப்படித்தான், ரெண்டு கன்னத்துலயும்.” விரலை எடுக்கவில்லை. “எத்தன மாசம்?”

எனக்குத் தெரியாது என்றேன். அவளிடம் நான் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை, அதனால் அது பொய்யில்லை.

“நம்பரக் குடு சாமி. ஒருக்காப் பேசீட்டுப் போயிர்றேன்.”

“குடுக்க முடியாதுங்கம்மா.”

அவர் முகம் சுருங்கியது. அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அழுதாலும் கொடுத்திருக்கமாட்டேன்.

“அவளக் கேக்கோணும்,” என்றேன். “அவ சரின்னாத்தான்.”

அவர் தலையை ஆட்டினார். என் போனை எடுத்துக் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் ரத்தம் சுற்றுகிற மெஷின் சத்தம் கேட்டது.

“மோகனா, உங்கம்மா வந்திருக்காங்க. தனியாத்தான் வந்திருக்காங்க. போட்டோவப் பாத்தாங்க. உன்கிட்டப் பேசோணுமாம். குடுக்கட்டுமா, வேண்டாமா? நீ வேண்டாம்னாலும் சரி, நான் சொல்லிக்கறேன்.”

மெஷின் சத்தம் நின்றது. அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஸ்பீக்கர்ல போடாதீங்கக்கா,” என்றாள் மோகனப்பிரியா. “கையில குடுங்க.”